கேட்காமல் வந்த பெட்டி: வீட்டுக் கொம்பியூட்டரில் எதை நம்பலாம், எதை மூடலாம்

"உங்கள் கொம்பியூட்டர் ஆபத்தில் இருக்கிறது" என்று திரையில் ஒரு பெட்டி தானாகத் திறந்தால், அதில் எழுதியிருப்பதைப் படித்து முடிவெடுக்காதீர்கள். யாரும் எதையும் எழுதலாம். மைக்ரோசொஃப்டின் நான்கு வண்ணச் சதுரத்தை ஒரு படமாக ஒட்டிவிடுவது சின்ன வேலை. நீங்கள் பார்க்க வேண்டியது அந்தப் பெட்டி எங்கிருந்து வருகிறது என்பதை. பிரவுசருக்குள் (இணையம் பார்க்கும் குரோம், எட்ஜ் போன்றவை) இருந்தா, விண்டோஸில் இருந்தா, உள்ளே ஏறிவிட்ட ஏதோ ஒரு மென்பொருளில் இருந்தா? இடம் தெரிந்துவிட்டால், நம்பலாமா என்ற கேள்விக்குப் பெரும்பாலும் விடையும் கிடைத்துவிடும்.

ஹட்டன், தலவாக்கலை, பொகவந்தலாவைப் பக்கம் வீடுகளில் நான் பார்த்துக் கொடுக்கும் கொம்பியூட்டர்களில் பல பிள்ளைகளின் படிப்புக்காக வாங்கியவை. கொழும்பில் வேலை செய்யும் மகனோ மகளோ பழையதாக வாங்கி அனுப்பியிருப்பார்கள். அதே மெஷினில் சின்னவள் ஸ்கொலர்ஷிப் பரீட்சைக்குப் பழைய வினாத்தாள் தேடுவாள், அண்ணன் படம் இறக்குவான், அப்பா வங்கிக் கணக்கைப் பார்ப்பார். இதில் ஒரு சிக்கல் உண்டு. பெட்டியைப் பார்த்துப் பயப்படுகிறவர் ஒருவர், அதை வரவழைத்தவர் இன்னொருவர். போன வாரம் பிள்ளை அமுக்கிய ஒரு பட்டன் இன்று அப்பாவின் கண்முன் வந்து நிற்கும். அதனால் முதலில் வீட்டில் கேட்டுப் பாருங்கள். திட்டாமல் கேளுங்கள். திட்டினால் அடுத்த முறை யாரும் உண்மை சொல்ல மாட்டார்கள். காரணம் தெரியாமல் மெஷினை மட்டும் சோதித்துக்கொண்டிருப்பது கஷ்டம்.

எந்த அறிகுறியாக இருந்தாலும் முதலில் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. பெட்டியில் உள்ள எந்தப் பட்டனையும், "கேன்சல்" என்று இருந்தாலும் கூட, அமுக்காமல் போனில் ஒரு படம் எடுங்கள். ஆங்கிலம் சரியாகப் புரியாததால்தான் பல வீடுகளில் "ஓகே" அமுக்குகிறார்கள். கூகுள் டிரான்ஸ்லேட்டில் கெமராவைத் திறந்து திரைக்கு நேரே பிடித்தால் தமிழில் காட்டும். விஷயம் தெரிந்த ஒருவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிக் கேட்கவும் அந்தப் படம் உதவும். அப்புறம் பிரவுசரை முழுதாக மூடிப் பாருங்கள். பெட்டியும் சேர்ந்து போய்விட்டால் அது பிரவுசருடையது. போகவில்லை என்றால் ரவுட்டரை நிறுத்திவிட்டு மெஷினை ரீஸ்டார்ட் செய்யுங்கள். இணையமே இல்லாமலும் அதே பெட்டி வந்தால், அதைக் காட்டுவது மெஷினுக்குள்ளேயே ஏறியிருக்கிற ஒரு மென்பொருள்.

முழுத் திரையும் சிவப்பாகிச் சத்தம் போடுகிறது, ஒரு போன் நம்பரும் இருக்கிறது

மஸ்கெலியாவிலிருந்து ஓர் அக்கா இரவில் அழைத்தார்.

"தம்பி, கொம்பியூட்டரு கத்துது. நிப்பாட்ட முடியல. நம்பரு ஒன்னு போட்டிருக்கு, எடுக்கவா?"

"எடுக்காதீங்கக்கா. எஸ்கேப் பட்டன அமுக்கிப் புடிச்சுக்கிட்டே இருங்க. மேல குரோம் பட்ட தெரியுதா?"

"ம்... இப்ப தெரியுது."

"அப்ப அது வெறும் வெப் பக்கந்தான். மூடிரலாம்."

இது எவ்வளவு பயங்கரமாகத் தெரிந்தாலும் பெரும்பாலும் ஒரு வெப் பக்கம் முழுத் திரைக்கு விரிந்து நிற்பதுதான். எஸ்கேப்பை சில வினாடி அழுத்திப் பிடித்தாலோ, எஃப்11ஐ அமுக்கினாலோ முழுத்திரை சுருங்கி, மேலே முகவரிப் பட்டை தெரியவரும். தெரிந்துவிட்டால் டேபை மூடுங்கள். மூட விடாமல் மவுஸ் அம்பை மறைக்கிற பக்கங்களும் உண்டு. அப்போது கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அமுக்கினால் டாஸ்க் மேனேஜர் வரும். அதில் பிரவுசரைத் தெரிவு செய்து "என்ட் டாஸ்க்" கொடுங்கள். அதுவும் முடியாவிட்டால் பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்துவிடலாம். மறுபடி பிரவுசரைத் திறக்கும்போது "ரிஸ்டோர் பேஜஸ்" என்று கேட்கும். வேண்டாம். அதைக் கொடுத்தால் அதே பக்கம் திரும்பி வரும்.

ஒன்றை உறுதியாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மைக்ரோசொஃப்டின் உண்மையான எச்சரிக்கைகளில் போன் நம்பர் இருக்காது. நம்பர் இருக்கிறது என்றாலே அது பொய். இதற்கு மேல் ஆராய ஒன்றுமில்லை.

இந்தப் பக்கம் தோன்றியதால் மட்டும் மெஷினுக்குள் எதுவும் ஏறிவிடுவதில்லை. எதையும் இறக்காமல், யாருக்கும் போன் எடுக்காமல் மூடிவிட்டீர்கள் என்றால், விண்டோஸோடு வரும் அன்டிவைரஸான டிஃபெண்டரில் ஒரு தடவை ஸ்கான் ஓட்டிப் பார்த்தால் போதும். இதற்காகக் கடைக்குத் தூக்கிப் போய் ஃபோர்மட் அடித்து, பிள்ளையின் குறிப்புகளையும் குடும்பப் படங்களையும் இழந்த வீடுகளைப் பார்த்திருக்கிறேன். அந்த இழப்பு தேவையே இல்லாதது.

வலது மூலையில் சின்னச் சின்னப் பெட்டிகள் வந்துகொண்டே இருக்கின்றன

வீடுகளில் நான் அதிகம் பார்ப்பது இதைத்தான். "5 வைரஸ் கண்டுபிடிக்கப்பட்டது", "உங்கள் பாதுகாப்புச் சந்தா முடிந்துவிட்டது" என்று ஆங்கிலத்தில் ஒன்றன் பின் ஒன்றாக வரும். பார்த்தால் விண்டோஸே சொல்வது போல இருக்கும், ஏனென்றால் விண்டோஸ் தன் அறிவிப்புகளைக் காட்டும் அதே இடத்தில்தான் இதுவும் வருகிறது.

பெட்டியைக் கிட்டப் போய்ப் பாருங்கள். பெரிய எழுத்தில் "வைரஸ்" என்று இருக்கும். சிவப்பு அடையாளம் இருக்கும். அவற்றை விடுங்கள். சிறிய, மங்கலான எழுத்தில் கூகுள் குரோம் அல்லது எட்ஜ் என்ற பெயரும், பக்கத்தில் ஓர் இணையத்தள முகவரியும் இருக்கும். பெரும்பாலும் வாயில் நுழையாத எழுத்துக்கூட்டாக இருக்கும் அந்த முகவரிதான் அனுப்புகிறவரின் உண்மையான பெயர். விண்டோஸ் செக்யூரிட்டியிலிருந்து வருகிற எச்சரிக்கையில் எந்த இணையத்தள முகவரியும் இருக்காது.

எப்படி வந்தது? படம் பார்க்கவோ வினாத்தாள் இறக்கவோ போன ஏதோ ஒரு தளத்தில், "தொடர்ந்து பார்க்க அலவ் அமுக்கவும்" என்று கேட்டிருக்கும். யாரோ அமுக்கியிருப்பார்கள். அன்றிலிருந்து அந்தத் தளத்துக்கு அறிவிப்பு அனுப்பும் அனுமதி கிடைத்துவிட்டது. இது வைரஸ் இல்லை. அதனால் எத்தனை முறை ஸ்கான் ஓட்டினாலும் இது அகப்படாது. "ஸ்கான் சுத்தம் என்கிறது, பெட்டி நிற்கவில்லை" என்று ஆட்கள் குழம்புவதும் இதனால்தான்.

குரோமில் செட்டிங்ஸ், அதற்குள் பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, அதற்குள் சைட் செட்டிங்ஸ், அதற்குள் நோட்டிஃபிகேஷன்ஸ். அங்கே அனுமதி பெற்ற தளங்களின் பட்டியல் இருக்கும். உங்களுக்குத் தெரியாத ஒவ்வொன்றுக்கும் பக்கத்திலுள்ள மூன்று புள்ளியை அமுக்கி "புளொக்" கொடுங்கள். அதே பக்கத்தில், எந்தத் தளமும் அனுமதியே கேட்காதபடி நிறுத்திவைக்கவும் வழி இருக்கிறது. பிள்ளைகள் பாவிக்கும் மெஷினில் அதைப் போட்டுவிடுவது நல்லது. எட்ஜிலும் செட்டிங்ஸில் போய்ப் "நோட்டிஃபிகேஷன்ஸ்" என்று தேடினால் இதே பட்டியல் கிடைக்கும். ரவுட்டரில் ரீலோட் போட்டு எண்ணி எண்ணி டேட்டா செலவழிக்கிற வீடுகளுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்தப் பெட்டிகளை அமுக்கும்போது திறக்கிற விளம்பரப் பக்கங்கள் அந்த டேட்டாவையும் தின்கின்றன.

ஏற்றிய ஞாபகமே இல்லாத மென்பொருள் தினமும் "ஸ்கான்" செய்து காசு கேட்கிறது

இது பிரவுசரை மூடினாலும் போகாது, ரவுட்டரை நிறுத்தினாலும் வரும். மெஷினைப் போட்டவுடன் தானே திறந்து, பச்சைப் பட்டி ஓடி, நூற்றுக்கணக்கான பிழைகள் இருப்பதாகச் சொல்லி, திருத்துவதற்குக் கார்ட் நம்பர் கேட்கும்.

அந்த எண்ணிக்கைக்கு அஞ்ச வேண்டாம். அமெரிக்காவில் ஒஃபிஸ் டிப்போ என்ற பெரிய கடைத்தொகுதியும், அதற்கு மென்பொருள் கொடுத்த சப்போர்ட் டொட் கொம் நிறுவனமும் 2019இல், நுகர்வோரை ஏமாற்றும் வியாபாரங்களைக் கண்காணிக்கும் அந்நாட்டு அரச அமைப்பான ஃபெடரல் டிரேட் கமிஷனுக்கு 35 மில்லியன் டொலர் கட்டச் சம்மதித்தன. ஸ்கான் தொடங்குமுன் வாடிக்கையாளரிடம் "மெஷின் மெதுவாக ஓடுகிறதா", "அடிக்கடி பொப்-அப் வருகிறதா" என்பது போன்ற கேள்விகள் கேட்கப்படும். அதில் ஒன்றுக்கு டிக் போட்டாலே தீங்கான மென்பொருளின் அறிகுறி இருப்பதாக முடிவு வந்தது என்பதுதான் கமிஷனின் குற்றச்சாட்டு. மெஷினுக்குள் என்ன இருந்தது என்பதற்கும் அந்த முடிவுக்கும் சம்பந்தம் இல்லை. 2024இல் சைப்ரஸைச் சேர்ந்த ரெஸ்டோரோ, ரீஇமேஜ் என்ற இரு நிறுவனங்கள், விண்டோஸ் எச்சரிக்கை போன்ற பெட்டிகளைக் காட்டி மென்பொருள் விற்றதாக எழுந்த வழக்கில் 26 மில்லியன் டொலருக்கு இணங்கின. முறையாகப் பதிவு செய்த நிறுவனங்களே இப்படிச் செய்திருக்கும்போது, பெயர் தெரியாத ஒன்று காட்டுகிற "1,200 பிழை" என்பதற்கு எந்த மதிப்பும் இல்லை.

சரி, இதை எப்படித் தீர்மானிப்பது? செட்டிங்ஸில் ஆப்ஸ், அதில் இன்ஸ்டால்ட் ஆப்ஸ் போங்கள். பட்டியலைத் திகதி வரிசையில் அடுக்குங்கள். இந்த ஒரு பார்வை நிறையச் சொல்லும். ஒரே நாளில் மூன்று பெயர்கள் ஒன்றாக ஏறியிருக்கும். ஒன்று யாரோ விரும்பி இறக்கிய வீடியோ பிளேயர், அல்லது பாமினியில் டைப் அடிப்பதற்காக ஆசிரியர் ஒருவர் தேடி எடுத்த எழுத்துரு மென்பொருள். மற்ற இரண்டும் அதன் முதுகில் ஏறி வந்தவை. இன்ஸ்டால் செய்யும்போது "நெக்ஸ்ட், நெக்ஸ்ட்" என்று போனால் இப்படித்தான் ஆகும். "கஸ்டம்" அல்லது "அட்வான்ஸ்ட்" என்பதைத் தெரிவு செய்திருந்தால் கூட வருகிறவற்றின் டிக்கை எடுத்துவிட்டிருக்கலாம்.

பெயரைக் கூகுளில் தேடும்போது கவனம் தேவை. "இதை நீக்குவது எப்படி" என்று வரும் பக்கங்களில் பல, கடைசியில் இன்னொரு நீக்கும் மென்பொருளை இறக்கச் சொல்பவை. ஒன்றை அனுப்ப இரண்டை வீட்டுக்குள் விட்ட கதையாகிவிடும். விண்டோஸ் தருகிற "அன்இன்ஸ்டால்" போதும். அது ஓடும்போது "நீக்கினால் உங்கள் மெஷினுக்குப் பாதுகாப்பில்லை, உறுதியா?" என்று பெரிய பச்சைப் பட்டனோடு கேட்கும். பச்சைப் பட்டன் வைத்துக்கொள்வதற்கு. நீக்குவதற்கான வழி கீழே சாம்பல் நிறத்தில் சின்னதாக இருக்கும். நிதானமாகப் படித்து அதை அமுக்குங்கள்.

நீக்கிய பிறகு விண்டோஸ் செக்யூரிட்டியைத் திறந்து டிஃபெண்டர் வேலை செய்கிறதா என்று பாருங்கள். விண்டோஸ் 10, 11 இரண்டிலும் அது இலவசமாகவே உள்ளே இருக்கிறது, வேறு எதையும் வாங்கத் தேவையில்லை. திருட்டு விண்டோஸ் போட்டுக் கொடுக்கும்போது, அதை அக்டிவேட் செய்கிற கருவியை டிஃபெண்டர் தடுக்கும் என்பதால் டிஃபெண்டரையே நிறுத்திவிட்டுக் கொடுப்பதும் நடக்கிறது. அப்படி நின்றிருந்தால் மேலே சொன்ன எதுவும் நிலைக்காது. "அப் அண்ட் பிரவுசர் கொன்ட்ரோல்" என்ற பகுதிக்குள், வேண்டாத மென்பொருள்களைத் தடுக்கும் சுவிட்ச் ஒன்று உண்டு, அதையும் போட்டுவையுங்கள்.

"அப்டேட் செய்யுங்கள்" என்று பெட்டி வருகிறது

ஃபிளாஷ் பிளேயரை (வெப் பக்கங்களில் வீடியோ, கேம் ஓட முன்பு பாவித்த மென்பொருள்) அப்டேட் செய்யச் சொன்னால் பொய். அதைச் செய்த அடோபி நிறுவனம் அதை 2020 டிசம்பர் 31ஆம் திகதியோடு கைவிட்டுவிட்டது. அப்டேட் என்று ஒன்று இனி வரப்போவதில்லை. குரோம் பழையதாகிவிட்டது என்று ஒரு வெப் பக்கம் சொன்னாலும் நம்பாதீர்கள். குரோம் தானாகவே அப்டேட் ஆகும். சந்தேகம் இருந்தால் மூன்று புள்ளி மெனுவில் ஹெல்ப், அபௌட் கூகுள் குரோம் போனால் அதுவே பார்த்துச் சொல்லும். எந்த மென்பொருளுக்கும் இதே வழிதான்: பெட்டி காட்டும் பட்டனை விட்டுவிட்டு, அந்த மென்பொருளை நீங்களே திறந்து அதற்குள் அப்டேட்டைத் தேடுங்கள்.

திரை மங்கி, "இந்த மென்பொருள் மாற்றம் செய்ய அனுமதிக்கவா" என்று விண்டோஸ் கேட்கிறது

இது பெரும்பாலும் உண்மையான விண்டோஸ் பெட்டிதான். ஆனால் பெட்டி உண்மை என்பதால், அனுமதி கேட்கிற மென்பொருள் நல்லது என்று ஆகாது. மின்சார சபையிலிருந்து வருகிறேன் என்று ஒருவர் வாசலில் நின்றால் அடையாள அட்டை கேட்போம் அல்லவா, அந்த அட்டையைத்தான் விண்டோஸ் இங்கே காட்டுகிறது. நீலப் பட்டையோடு "வெரிஃபைட் பப்ளிஷர்" என்று ஒரு நிறுவனப் பெயர் இருந்தால், யார் செய்தது என்றாவது தெரிகிறது. மஞ்சள் பட்டையோடு "பப்ளிஷர்: அன்நோன்" என்று இருந்தால் அதுவும் தெரியாது.

பெயரைவிட முக்கியமானது நேரம். இப்போதுதான் நீங்கள் பிரிண்டர் மென்பொருளை இன்ஸ்டால் செய்யத் தொடங்கினீர்கள், உடனே பிரிண்டர் நிறுவனத்தின் பெயரோடு பெட்டி வந்தது என்றால் "யெஸ்" கொடுக்கலாம். சும்மா செய்தி வாசித்துக்கொண்டிருக்கும்போது வந்தால் "நோ". நோ கொடுப்பதால் எதுவும் கெட்டுப்போகாது. தேவையானது என்றால் அது மறுபடி கேட்கும், அல்லது நீங்களே பிறகு ஓட்டலாம்.

இறக்கிய ஒரு ஃபைலைத் திறக்குமுன் சந்தேகம் இருந்தால் வைரஸ்டோட்டல் என்ற தளத்தில் ஏற்றிப் பாருங்கள். எழுபதுக்கு மேற்பட்ட அன்டிவைரஸ்கள் அதைச் சோதித்துச் சொல்லும். அங்கே ஏற்றுவதை வேறு ஆட்களும் பார்க்கலாம் என்பதால், அடையாள அட்டைப் பிரதி, வங்கிக் கடிதம் போன்றவற்றை அதில் போடக் கூடாது.

"ரோபோ இல்லை என்று நிரூபிக்க" கீபோர்டில் சில பட்டன்களை அமுக்கச் சொல்கிறது

விண்டோஸ் பட்டனும் ஆர் (R) எழுத்தும், பிறகு கன்ட்ரோலும் வீ (V) எழுத்தும், பிறகு என்டர் என்று ஒரு வெப் பக்கம் வரிசை சொன்னால் அங்கேயே நிறுத்துங்கள். முதல் அமுக்கலில் கட்டளை இடும் பெட்டி திறக்கும். இரண்டாவதில், அந்தப் பக்கம் உங்களுக்குத் தெரியாமல் கொப்பி செய்து வைத்த கட்டளை அதில் விழும். மூன்றாவதில் அது ஓடும். உங்கள் கையாலேயே திருடனை உள்ளே விட வைக்கிற முறை இது. "ரோபோ இல்லை" என்று உறுதிப்படுத்தும் உண்மையான சோதனை (கேப்ட்சா) எதுவும் பிரவுசருக்கு வெளியே எதையும் செய்யச் சொல்லாது. இந்த வழியிலும் பரவிய லும்மா என்ற பாஸ்வேர்ட் திருடும் மென்பொருள், 2025 மார்ச் நடுவிலிருந்து மே நடுவுக்குள் மட்டும் உலகெங்கும் 394,000க்கு மேற்பட்ட விண்டோஸ் கொம்பியூட்டர்களில் இருந்ததாக மைக்ரோசொஃப்ட் கண்டது.

சந்தேகப்பட்டு ஒதுக்கக் கூடாதவை

எல்லாவற்றையும் மூடு என்று பிள்ளைகளுக்குச் சொல்லிவைத்தால் உண்மையான அறிவிப்பும் போய்விடும். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்தது என்று வரும் செய்தி உண்மையானது. பதிவு செய்துகொண்டால் வீட்டுப் பாவனையாளருக்குப் பாதுகாப்பு அப்டேட்கள் 2026 அக்டோபர் 13 வரை கிடைக்கும் வழியும் செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட் பகுதிக்குள் இருக்கிறது. புது லெப்டொப்போடு வந்த அன்டிவைரஸின் இலவசக் காலம் முடிந்தது என்பதும் உண்மையாக இருக்கலாம். புதுப்பிக்கக் கட்டாயம் இல்லை. அதை நீக்கினால் டிஃபெண்டர் தானாகப் பொறுப்பெடுத்துக்கொள்ளும்.

ஏற்கனவே அமுக்கியாயிற்று, அல்லது ஆளை உள்ளே விட்டாயிற்று

போனில் பேசியவர் சொல்லி எனிடெஸ்க் அல்லது டீம்வியூவர் (தூரத்திலிருந்து மெஷினை இயக்க விடும் மென்பொருள்கள்) இறக்கி, அவர் கையில் மவுஸ் போயிருந்தால், முதலில் ரவுட்டரின் பிளக்கைப் பிடுங்குங்கள். விளக்கம் கேட்டுக்கொண்டு நிற்காதீர்கள், போனையும் வையுங்கள். அப்புறம் வங்கிக்கு அழைத்துக் கார்டையும் இணைய வங்கிக் கணக்கையும் நிறுத்தச் சொல்லுங்கள். வங்கியின் எண்ணைக் கார்டின் பின்பக்கத்திலிருந்து எடுங்கள். போனுக்கு வருகிற ஓடிபி எண்ணை அந்த நேரத்தில் யார் கேட்டாலும், வங்கி என்று சொல்லிக் கேட்டாலும், சொல்லாதீர்கள்.

பாஸ்வேர்ட்களை அந்த மெஷினில் மாற்றக் கூடாது. வேறொரு போனில் மாற்றுங்கள். ஈமெயில்தான் முதலில், ஏனென்றால் மற்றக் கணக்குகளின் பாஸ்வேர்டை அதன் வழியாகத்தான் மீட்க முடியும். கீபோர்ட் கட்டளை ஓடியிருந்தாலும் இதே வரிசைதான். காசு போயிருந்தால் அந்தப் படங்களையும் போன் நம்பரையும் அழிக்காமல் வைத்துப் பொலிஸில் முறையிடுங்கள். 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கொம்பியூட்டர் குற்றச் சட்டம் இதற்காக இருக்கிறது. என்ன செய்வது என்று கேட்க, நாட்டின் கொம்பியூட்டர் பாதுகாப்பு அமைப்பான ஸ்ரீலங்கா சேர்ட்டின் 101க்கு அழைக்கலாம்.

ஆள் உள்ளே வந்துபோன மெஷினுக்கு ஃபோர்மட்தான் சரி. இந்த ஓர் இடத்தில் நான் தயங்காமல் அதைச் சொல்வேன். அதற்கு முன் ரவுட்டரை இணைக்காமலேயே படங்களையும் ஆவணங்களையும் ஒரு பென்டிரைவில் எடுத்துக்கொள்ளுங்கள். இன்ஸ்டால் செய்கிற ஃபைல்கள் எதையும் கூடவே எடுக்காதீர்கள். புது விண்டோஸ் போட்டு, அப்டேட் முடிந்து, டிஃபெண்டர் ஓடுகிறது என்று பார்த்த பிறகு அந்தப் பென்டிரைவைச் செருகி, திறக்குமுன் அதன் மேல் வலது கிளிக் செய்து ஸ்கான் கொடுங்கள்.